ஊருக்குள் 30 போதும்

காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறுகிற எவரும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் நிதானமாகத்தான் கடக்கிறார்கள். அங்கே வேகத்தைக் கட்டுப்படுத்த போலீஸ் தேவையில்லை. வளைவே அதைப் பார்த்துக்கொள்கிறது. மலை ஏறி முடித்த பிறகுதான் ஆபத்து தொடங்குகிறது. மேலே சாலை ஓரளவு நேராகிறது. அதுவரை இரண்டாவது கியரில் முக்கி முனகி வந்த வண்டிக்காரரின் கால் தானாகவே ஆக்சிலரேட்டரை அழுத்துகிறது. குண்டூர் நாடு போன்ற ஊராட்சிகளில் அந்தச் சாலைதான் பல வீடுகளுக்கு வாசல்.

குண்டூர் நாட்டிலும் கொல்லிமலை ஒன்றியத்தின் மற்ற 13 ஊராட்சிகளிலும் வீடுகள் நெருங்கி நிற்கும் ஒவ்வொரு சாலைப் பகுதியிலும், எல்லா வாகனங்களுக்கும் மணிக்கு 30 கிலோமீட்டர் என்ற வேக வரம்பைச் சட்டப்படி கொண்டுவர வேண்டும். இதற்குச் செலவு உண்டு, சிரமமும் உண்டு. அவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இதுவே சரி என்று நாம் கருதுகிறோம்.

இப்போதைய சட்டம் என்ன சொல்கிறது? மத்திய அரசு 2018 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிக்கைப்படி, விரைவுச் சாலையோ நான்கு வழிச் சாலையோ நகராட்சிச் சாலையோ அல்லாத மற்ற சாலைகளில் கார்கள் 70 வரையும், இருசக்கர வாகனங்களும் பேருந்துகளும் 60 வரையும் போகலாம். மாநில அரசு இதைவிடக் குறைத்து அறிவிக்காத வரை இதுதான் உச்ச வரம்பு. திண்ணையை உரசினாற்போல ஒரு கார் 65-இல் பாய்ந்து போனாலும் அது வேக வரம்பை மீறியதாகாது. ஆபத்தாக ஓட்டினார் என்று வழக்குப் போடலாம். ஆனால் அதைப் பெரும்பாலும் விபத்து நடந்த பிறகுதான் போடுகிறார்கள்.

மலைச் சாலையை அதில் நடப்பவர் பக்கமிருந்து பார்க்க வேண்டும். நடைபாதை என்று ஒன்று கிடையாது. தார் முடியும் இடத்தில் பள்ளமோ, வேலியோ, வீட்டுச் சுவரோ தொடங்கிவிடுகிறது. ஓரத்தில் தார்ப்பாய் விரித்து மிளகு காய்கிறது. வேனுக்காகக் குச்சிக்கிழங்கு மூட்டைகள் அடுக்கியிருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகள் மூன்று நான்கு பேராகக் கைகோத்து வருகிறார்கள். தலையில் விறகுக்கட்டோ தழைக்கட்டோ சுமந்து வரும் பெண்ணால் கழுத்தைத் திருப்ப முடியாது. பின்னால் வரும் வண்டியை அவர் காதால்தான் அறிகிறார். ஹாரன் கேட்டதும் சுமையைச் சரியவிடாமல் உடம்போடு திரும்பி, மூன்று நான்கு எட்டு வைத்து ஒதுங்க வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் கடந்துவிடும். அந்த மூன்று எட்டு வைப்பதற்குள் அது அவர் மேல் வந்திருக்கும்.

பிரேக் கணக்கும் இதையே சொல்கிறது. ஓட்டுநர் சுதாரிக்க ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், காய்ந்த சமதளச் சாலையில் 50-இல் வரும் கார் நிற்க ஏறக்குறைய 28 மீட்டர் வேண்டும். 30-இல் வந்தால் 13 மீட்டர் போதும். இதில் சாலையின் இறக்கத்தையும் மழை ஈரத்தையும் சேர்க்கவில்லை. பனி இறங்கிய காலை வேளையில் கொல்லிமலையில் 20 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நேரங்கள் உண்டு. அப்போது 50-இல் போகிறவர், தன் கண்ணுக்குத் தெரியாத இடத்தை நோக்கி வண்டியை விடுகிறார். மோதலின் ஆற்றலும் வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 50-ஐ 30 ஆக்கினால் மோதும் ஆற்றல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். நாடு முழுவதும் நேர்ந்த உயிரிழப்பில் 71 சதவீதத்துக்கு மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை அதிவேகத்தையே காரணமாகக் காட்டுகிறது. சாலையின் குறையையும் வெளிச்சமின்மையையும்கூட அதிவேகம் என்றே எழுதிவிடும் வழக்கம் நம் காவல் நிலையங்களில் உண்டு என்பதால், அந்த 71-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதில் பாதியே உண்மை என்றாலும் தாங்கக்கூடிய எண்ணிக்கை அல்ல.

கொல்லிமலைக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. செம்மேட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் தலையில் பலத்த அடிபட்டவரை நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ கொண்டுபோக வேண்டும். ஏறும்போது நம்மை மெதுவாக்கிய அதே வளைவுகளில் ஆம்புலன்ஸ் இறங்க வேண்டும். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரத்துக்குத் தமிழக அரசு இலவச சிகிச்சை தருகிறது; அருமையான திட்டம் அது. ஆனால் மலையிலிருந்து இறங்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் கரைந்துவிடும்போது, அந்தத் திட்டத்தின் பலன் சமவெளிக்காரருக்குக் கிடைக்கிற அளவுக்கு மலைக்காரருக்குக் கிடைப்பதில்லை. காயப்பட்டவரைக் காப்பாற்றும் வசதி தொலைவில் இருக்கும் ஊரில் காயமே படாமல் பார்த்துக்கொள்வதற்கு மதிப்பு அதிகம்.

இனி இழப்பைப் பார்ப்போம். அரை கிலோமீட்டர் நீளமுள்ள குடியிருப்பை 50-இல் கடக்க 36 நொடி; 30-இல் கடக்க 60 நொடி. இழப்பு 24 நொடி. வழியில் இப்படிப் பத்து ஊர் இருந்தால் நான்கு நிமிடம். சுற்றுலா வந்தவருக்கு ஆகாய கங்கை அருவி நான்கு நிமிடம் தாமதமாகக் கிடைக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று நடை அடிக்கும் சரக்கு வேன்காரருக்கு அந்த நிமிடங்கள் மாதக் கணக்கில் சேரும். அடிவாரத்தில் இன்னொரு பேருந்தைப் பிடிக்க வேண்டிய கல்லூரி மாணவிக்கு நான்கு நிமிடம் ஒரு பேருந்தையே தவறவிடச் செய்யலாம். இந்த இழப்பு உண்மையானது. அதற்கேற்ப அரசுப் போக்குவரத்துக் கழகம் நேர அட்டவணையைத் திருத்த வேண்டும். ஓட்டுநரை நெருக்கடியில் தள்ளக் கூடாது.

“எத்தனை காலம் சாலைக்காகக் காத்திருந்தோம், வந்த சாலையில் மெதுவாகப் போ என்கிறீர்களே” என்ற கேள்வி மலையில் எழும். நியாயமான கேள்வி. நோயாளியைத் தூளி கட்டித் தூக்கிப்போன தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. அவர்கள் கேட்டது மருத்துவமனைக்கும் சந்தைக்கும் பள்ளிக்கும் போய்வர ஒரு வழி. ஊருக்கும் ஊருக்கும் நடுவே காடும் தோட்டமுமாக இருக்கும் பகுதியில் இந்த வரம்பு வேண்டாம் என்பதே நம் நிலை. வீடுகள் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம் வரை மட்டும் போதும்.

அந்த எல்லை ஏன் முக்கியம் என்பதற்கு வேல்ஸ் நாட்டின் அனுபவம் சான்று. 2023 செப்டம்பர் 17 முதல் அங்கே குடியிருப்புச் சாலைகளின் வழக்கமான வரம்பை 30 மைலிலிருந்து 20 மைலாக, அதாவது ஏறத்தாழ 32 கிலோமீட்டராக, குறைத்தார்கள். பயண நேர இழப்பு 30 ஆண்டுகளில் சுமார் 450 கோடி பவுண்டாக இருக்கலாம் என்று அந்த அரசே மதிப்பிட்டிருந்தது. எதிர்ப்பு மனுவில் நாலரை லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். மறுபுறம், குறைந்த வேகச் சாலைகளில் காயமும் உயிரிழப்பும் முதல் ஆண்டிலேயே கால் பங்குக்கு மேல் குறைந்தன. சில சாலைகளைப் பழைய வரம்புக்குத் திருப்ப உள்ளாட்சிகளுக்கு அரசு பிறகு வழிவிட்டது. எந்தச் சாலை என்பதை முதலிலேயே ஊர்க்காரர்களைக் கேட்டு முடிவு செய்திருந்தால் அந்தக் கசப்பில் பாதி இருந்திருக்காது. சென்னையில் 2023 நவம்பரில் போக்குவரத்துக் காவல்துறை குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 என்று அறிவித்தது. சென்னையின் தெருவில் நடப்பவருக்குத் தரும் பாதுகாப்பைக் குண்டூர் நாட்டில் நடப்பவருக்கு மறுக்க ஒரு காரணமும் இல்லை.

வேகத்தைக் குறைப்பது என்றதும் நம் ஊர்களில் ஒரே இரவில் வேகத்தடை முளைத்துவிடும். இதை வன்மையாக எதிர்க்கிறோம். அளவில்லாமல் கொட்டிய தார் மேடு, பிரசவ வலியில் போகும் பெண்ணுக்குச் சித்திரவதை. இருட்டில் பைக்கில் வருபவருக்குப் புது விபத்து. ஏற்றத்தில் போட்டுவிட்டால் மூட்டை ஏற்றிய வேன் நின்று திரும்பக் கிளம்பத் திணறும். 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வளைந்த முதுகு: இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற பொறியியல் அமைப்பு வகுத்த அளவு இது, 25 கிலோமீட்டரில் குலுங்காமல் கடக்கலாம். பள்ளிக்கு முன்னும் ஊர் நுழைவிலும், சமதளத்தில், வெள்ளைக் கோடும் பலகையுமாக இப்படி ஒன்றிரண்டு போதும்.

அபராதத்திலும் கவனம் வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு வேக மீறலுக்கு இலகுரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய். வளைவுகளைப் படம் பிடிக்கவே பைக்கில் வருபவருக்கு அது பெட்ரோல் செலவு; மிளகு பறிக்கும் கூலித் தொழிலாளிக்குச் சில நாள் சம்பளம். மலையின் இளைஞர்களும் வேகமாக ஓட்டுகிறார்கள் என்பதை மறைக்கவில்லை. அவர்களுக்கும் விதி ஒன்றுதான்; ஆனால் முதல் ஆறு மாதம் எச்சரிக்கையோடு விட்டுப் பழக்க வேண்டும்.

கேமரா வாங்கக் காசில்லை என்றால் திருமலையைப் பார்க்கலாம். அங்கே மலைப்பாதைச் சோதனைச் சாவடியில் நேரம் குறித்த சீட்டு தருகிறார்கள். ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடம். அதற்கு முன்னே போய்ச் சேர்ந்தால் நடவடிக்கை. ஒரு சீட்டும் ஒரு கடிகாரமும்தான் செலவு. கொல்லிமலையில் ஒரு குடியிருப்பின் இரு முனைகளுக்கு நடுவேயும் விடுமுறை நாள்களில் இதைச் செய்து பார்க்கலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, பொதுமக்கள் பாதுகாப்புக்காகவோ சாலையின் தன்மை கருதியோ வரம்பைக் குறைக்க மாநில அரசுக்கும் அது அதிகாரம் அளித்தவருக்கும் உரிமை தருகிறது. அரசிதழ் அறிவிக்கையும் சாலையோரப் பலகையும் இரண்டுமே வேண்டும். எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை 30 என்பதைக் குண்டூர் நாடு கிராம சபை தீர்மானமாக எழுதித் தரட்டும். மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவரான நாமக்கல் ஆட்சியர் அதை அரசுக்கு அனுப்பி, நெடுஞ்சாலைத் துறையிடம் பலகை கேட்கட்டும். மிளகும் சாமையும் காய்வதற்குச் சாலைக்கு வெளியே உலர்களம் கட்டித்தருவதும் இதே தீர்மானத்தில் இருக்க வேண்டும். ஆடி 17, 18-இல் வல்வில் ஓரி விழாவுக்கு ஆயிரக்கணக்கான வண்டிகள் மலையேறும். அடுத்த விழாவுக்கு முன் பலகைகள் நடப்பட்டிருக்க வேண்டும்.