ஸ்நேப் நல்லவரா?

ஹாரி பாட்டர் படித்த நாலு பேர் சேர்ந்தால் பேச்சு கடைசியில் ஸ்நேப்பிடம்தான் வந்து நிற்கும். 2005 ஜூலையில் வந்த ஆறாம் புத்தகத்தில் அவர் டம்பிள்டோரைக் கொன்றார். 'துரோகி' என்றது ஒரு கோஷ்டி. 'இல்லை, இதில் ஏதோ இருக்கிறது' என்றது இன்னொரு கோஷ்டி. இரண்டு வருஷ வாக்குவாதம்! 2007 ஜூலையில் ஏழாம் புத்தகம் பதில் சொன்னது: டம்பிள்டோர் கேட்டுக்கொண்டதால்தான் கொன்றார். இரண்டாவது கோஷ்டி ஜெயித்தது. சண்டை முடிந்ததா என்றால், இல்லை.

அவர் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிட்டது. எப்படிப்பட்ட மனிதர் என்பதுதான் இப்போது கேள்வி.

லில்லி மேல் சாகும்வரை மாறாத காதல், வோல்டமோர்ட்டின் பக்கத்திலேயே இருந்து உளவு பார்த்த துணிச்சல்... யாரும் மறுக்கவில்லை. ஆனால் நெவில்லைப் பாருங்கள். சித்திரவதையால் அப்பா அம்மா இருவருக்குமே சித்தம் கலங்கிப்போன பையன். மூன்றாம் புத்தகத்தில் அவன் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயந்தது தன் வாத்தியார் ஸ்நேப்புக்குத்தான். நாலாம் புத்தகத்தில் ஹெர்மயனியின் பல்லைக் கேலி செய்ததும் இவரே. உளவாளி வேஷத்துக்காக என்பார்கள் சிலர். ஆனால் வோல்டமோர்ட் திரும்பி வருவதற்கு முன்பே நடந்தவை இவை!

ஹாரி தன் மகனுக்கு அவர் பெயரையும் சேர்த்து வைத்தான். அது ஹாரியின் மன்னிப்பு. லில்லிக்காகச் செய்த தியாகம் லில்லியின் கணக்கில் வரவு. அதை எடுத்து நெவில்லின் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. அந்தப் பாக்கி அப்படியே நிற்கிறது.