வெள்ளையாய் இருந்தால் நல்ல பாலா?



படுவான்கரையில் நான் அடிக்கடி போகும் வீடு ஒன்று உண்டு. 2007 இல் இடம்பெயர்ந்து மீண்டும் வந்து குடியேறிய குடும்பம். கணவனை இழந்த அக்கா மூன்று பிள்ளைகளை வளர்ப்பது, வாழ்வாதார உதவியாகக் கிடைத்த ஒரு பசுவின் பாலில்தான்.

ஒருநாள் போனபோது முற்றத்தில் பால் கேனோடு உட்கார்ந்திருந்தார். "பால் பழுதெண்டு திருப்பிற்றாங்க புள்ள. மடியில வீக்கமும் இல்ல, பாலும் வெள்ளையாத்தானே இருக்கு" என்றார். எனக்கும் விளங்கவில்லை.

கால்நடை வைத்தியரை அழைத்துவந்தோம். நான்கு குழிகள் உள்ள தட்டில் நான்கு காம்புப் பாலையும் தனித்தனியே கறந்து, ஊதா நிறத் திரவம் ஒன்றைச் சேர்த்துச் சுழற்றினார். மூன்று குழிகளில் பால் அப்படியே இருந்தது. ஒன்றில் மட்டும் சளிபோல் தடித்தது. மடியழற்சி! வெளியே தெரியாமலே இந்நோய் பாலைக் குறைத்துவிடும். நோயை எதிர்க்க மடிக்குள் சேரும் வெண்குருதிக் கலங்களே அப்படித் தடிப்பதற்குக் காரணமாம். 1957 இல் கலிபோர்னியாவில் உருவான சோதனை இது.

அந்தத் திரவம் இல்லாவிட்டால் சலவைத்தூள் போதும். அரை லீற்றர் தண்ணீரில் 15 கிராம் தூளைக் கரையுங்கள். ஒவ்வொரு காம்பிலும் முதற் பீச்சல்களை ஒரு பாத்திரத்தில் விட்டுப் பாருங்கள். கட்டியோ இரத்தமோ இருந்தால் அதுவே நோயின் அடையாளம். பிறகு நான்கு கோப்பைகளில் சிறிது பால் கறந்து, அதே அளவு கரைசலை விட்டு ஒரு நிமிடம் சுழற்றுங்கள். தடித்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். கன்று ஈன்ற முதல் நாட்களிலும், பால் வற்றும் காலத்திலும் நோயில்லாமலே தடிக்கக்கூடும். சோதித்த பாலைத் தொழுவத்திலோ கன்று நக்கும் இடத்திலோ ஊற்றாதீர்கள்.

கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவியே கறவுங்கள். நோயுள்ள காம்பைக் கடைசியில் கறவுங்கள். மருந்து ஏற்றினால், வைத்தியர் சொல்லும் நாட்கள்வரை அந்தப் பாலை விற்கவோ பிள்ளைகளுக்குக் கொடுக்கவோ கூடாது. அக்காவுக்கு அந்த நாட்கள் மிகவும் கஷ்டமாகத்தான் இருந்தன. ஆனாலும் பசு தேறியது. இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவரே சோதிக்கிறார். அயல் வீட்டாருக்கும் காட்டிக் கொடுக்கிறார்.

பசுவைக் கொடுத்துப் படமும் எடுத்த நாங்கள், இந்தச் சிறு விடயத்தைச் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று வெட்கப்பட்டேன். உங்கள் வீட்டிலும் கறவைப் பசு இருந்தால், நாளைக் காலையே நான்கு கோப்பைகளை எடுத்து வையுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.