விபத்துக்குப் பின் அந்த அரைமணி நேரம்



சவூதி அரேபியாவுக்கு ஓட்டுநர் வேலைக்கு ஆளனுப்பாத தெரு நம் ஊர்களில் உண்டா? வீட்டு ஓட்டுநராக, தண்ணீர் லாரி ஓட்டுபவராக, கம்பெனி வேன் ஓட்டுபவராக எத்தனையோ பேர் போயிருக்கிறார்கள். விசா வந்ததும் சம்பளத்தைக் கேட்கிறோம், தங்குமிடத்தைக் கேட்கிறோம். வண்டி யார் மீதாவது மோதிவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. சகுனத்தில் நமக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லிக்கொண்டே, இந்தக் கேள்வியை மட்டும் அபசகுனமாக ஒதுக்கிவிடுகிறோம்!

விபத்து நேர்ந்த மறுகணம் மனத்தில் எழும் முதல் எண்ணம், ஓடிவிட வேண்டும் என்பதே. அயல்நாடு, அறியாத மொழி, சிறையைப் பற்றிய அச்சம். ஆனால் அங்கே ஒரு மனிதன் செய்யக்கூடிய மிகப்பெரிய தவறு அந்த ஓட்டந்தான். ஏன் என்பதைச் சற்று விளக்க வேண்டும்.

சவூதியில் வாகனக் காப்பீடு கட்டாயம். தங்கள் தவறால் ஒருவர் இறக்க நேர்ந்தால், அவருடைய வாரிசுகளுக்குச் சேரவேண்டிய திய்யத் எனும் உயிரீட்டுத் தொகையைக் காப்பீட்டு நிறுவனமே செலுத்தும். தவறுதலாக நேர்ந்த மரணத்தில் முஸ்லிம் ஆண் ஒருவருக்கான திய்யத் 2011ஆம் ஆண்டில் 3 லட்சம் ரியாலாக உயர்த்தப்பட்டது. ஆனால் ஓட்டியவர் விபத்து நடந்த இடத்திலிருந்து தக்க காரணமின்றி ஓடியிருந்தாலோ, முறையான உரிமம் இல்லாதிருந்தாலோ, போதையில் இருந்திருந்தாலோ, நிறுவனம் தான் கொடுத்த தொகையை அவரிடமே திரும்பக் கேட்கும். மாதம் 1,500 ரியால் வாங்குபவர் ஒரு ஹலாலா கூடச் செலவிடாமல் சேர்த்தாலும் அதை அடைக்கப் பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகும். நின்றிருந்தால் காப்பீடு சுமந்திருக்கும் கடனை, ஓடியதால் தம் தலையில் ஏற்றிக்கொள்கிறார்.

எனவே நில்லுங்கள். எச்சரிக்கை விளக்குகளைப் போடுங்கள். அடிபட்டவரைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு விரையாதீர்கள்; கழுத்தும் முதுகெலும்பும் முறிந்திருந்தால் அந்த உதவியே ஊனமாகிவிடும். வண்டி தீப்பிடித்தால் அன்றி அவரை அசைக்க வேண்டாம். மக்கா, ரியாத், கிழக்கு மாகாணம் உள்ளிட்ட பகுதிகளில் 911. மற்ற இடங்களில் ஆம்புலன்ஸுக்கு 997, போக்குவரத்துப் போலீஸான முரூருக்கு 993. யாருக்கும் காயமில்லையென்றால், வண்டிகள் நின்ற நிலையையும் எண்பலகைகளையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு ஓரமாக நிறுத்தலாம். காயம் ஏற்பட்டிருந்தால், முரூர் வரும்வரை எதையும் மாற்றக் கூடாது.

வந்தவர்கள் தவறைச் சதவீதத்தில் பிரிப்பார்கள்: 25, 50, 75, 100 என்று. அந்த ஒற்றை எண்ணைப் பொறுத்தே பின்னால் எல்லாம் அமையும். ஆகவே மரியாதையாகப் பேசுங்கள். ஆனால் விளங்காத அரபித் தாளில் கையொப்பமிடாதீர்கள். ‘முதர்ஜிம்’ என்றால் மொழிபெயர்ப்பாளர்; அந்த ஒரு சொல்லையாவது ஊரிலிருந்து புறப்படும்போதே மனனம் செய்துகொள்ளுங்கள். கொடுத்த சதவீதம் தவறென்று தோன்றினால் தாமதியாமல் ஆட்சேபணை தெரிவிக்க வழியுண்டு. இன்னொன்று: வண்டியை ஓட்டியவர் வேறொருவராக இருக்க, “நீ ஓட்டியதாகச் சொல், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று கஃபீலே சொன்னாலும் இணங்காதீர்கள். அது நன்றி விசுவாசமன்று, பொய்ச் சாட்சி.

இறந்தவரின் குடும்பத்தார் மன்னித்துவிட்டால் அன்றே வெளியே வந்துவிடலாம் என்று நம்மவர்கள் எண்ணுகிறார்கள். அவர்கள் மன்னிப்பது தங்களுக்குரிய தனி உரிமையை. அரசுக்குரிய பொது உரிமை அப்போதும் நிற்கும். அதற்காகத் தண்டனை கிடைக்கலாம். அந்நிலையில் ரியாத் இந்தியத் தூதரகத்துக்கோ ஜித்தா துணைத் தூதரகத்துக்கோ உடனே தகவல் போக வேண்டும். 2009இல் தொடங்கப்பட்ட இந்திய சமூக நல நிதியிலிருந்து தகுதியுள்ளோர்க்குச் சட்ட உதவி பெற வழியுண்டு.

பணம் முடிந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா? சூரா அந்நிஸாவின் 92ஆம் வசனம் தவறுதலான கொலைக்குத் திய்யத்தோடு கஃப்பாராவையும் விதிக்கிறது. விடுதலை செய்ய அடிமை கிடைக்காத நிலையில் தொடர்ந்து இரண்டு மாத நோன்பு. திய்யத்தைக் காப்பீடு கொடுக்கும்; அந்த நோன்பை நோற்க எந்த நிறுவனமும் முன்வராது. தம்மிடம் சிறிதும் தவறில்லாத ஓட்டுநருக்கு இது உண்டா, நோயாளி என்ன செய்வது என்பவற்றை ஆலிம்களிடம் நேரில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

அமீரகத்தில் இருப்போருக்கு ஒரு வார்த்தை. அங்கே போலீஸ் எண் 999, ஆம்புலன்ஸ் 998. போலீஸ் அறிக்கை இல்லாமல் மோதிய வண்டியைப் பழுதுபார்க்க எந்த ஒர்க் ஷாப்பும் எடுத்துக்கொள்ளாது. வாடகைக் கார் ஓட்டுவோர் இதை மறந்து பின்னால் தவிக்கிறார்கள்.

இனி வீட்டிலிருக்கும் தாய்மார்களுக்கும் சகோதரிகளுக்கும். விபத்தில் நம் ஆளே மவுத்தாகிவிட்டால், துக்க வீட்டுக்கே தாள்கள் வரும். ஜனாஸாவை அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதம் கேட்பது ஒரு தாள். நஷ்டஈடு கோருவதற்கான அதிகாரப் பத்திரம் இன்னொரு தாள். ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டோம்’ என்ற வரியும் அவற்றுள் ஒளிந்திருக்கக்கூடும். படிக்கத் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். குடியேற்ற அனுமதி பெற்றுச் சென்றவர்களுக்கு பிரவாசி பாரதீய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம்; விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய். அந்தப் பாலிசி எடுத்திருப்பதே பல மனைவிமார்களுக்குத் தெரியாது. இன்றிரவு போன் வரும்போது அதன் எண்ணையும், இகாமா, உரிமம், வண்டியின் காப்பீடு ஆகியவற்றின் நகல்களையும் அனுப்பச் சொல்லுங்கள். காப்பீடு எந்தத் தேதியில் முடிகிறது என்றும் கேட்டு, அதை நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.