இந்தியன் 2 ஏன் முதலாவதை மிஞ்சவில்லை?



"இந்தியன் 2" முதல் படத்தை மிஞ்சியதா என்று பள்ளிக்கூடத்தில் இன்னும் வாக்குவாதம். எங்கட கருத்து: இல்லை. ஆனால் 28 வருடத் தாமதத்தில் பழி போட வேண்டாம். "டாப் கன்" இரண்டாம் பாகம் 36 வருடம் கழித்து 2022இல் வந்து, முதலாவதைவிட நல்லதென்று பேர் வாங்கியது. அதில் நாயகனுக்கு வயது போனதே கதையானது. சேனாபதியோ நேதாஜியின் படையில் இருந்தவர். நூறு தாண்டியும் 1996இல் அடித்த மாதிரியே அடிக்கிறார்.

அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. முதல் படத்தில் லஞ்சம் வாங்கிக்கொண்டு பழுதான பஸ்ஸை ஓட விட்டது அவருடைய சொந்த மகன். பள்ளிப் பிள்ளைகள் செத்தார்கள். தகப்பனே மகனைத் தண்டித்தார். 2024இல் "உங்கள் வீட்டில் தொடங்குங்கள்" என்கிறார். இடிவது மற்றவர்களின் வீடு, அவருடையதல்ல.

1996இல் எங்கட சனம் புத்தளம் முகாம்களில். 1990 ஒக்டோபரில் விட்டுப்போன ஊருக்குத் திரும்பி வந்து, காணி உறுதிக்கும் வீட்டுத்திட்டத்துக்கும் அலைந்த எங்களுக்கு லஞ்சம் வெறும் சினிமாக் கதையல்ல. கேட்டவரை ஏசினோம். ஆனால் "தேத்தண்ணிக்கு" என்று காசை நீட்டியதும் நாங்கள்தானே?

முதல் படத்தைப் பிள்ளைகளோடு இருந்து பாருங்கள். கத்தியை விடுங்கள், கேள்வியை எடுங்கள்: எங்கட வீட்டில் யார் கொடுத்தோம், யார் வாங்கினோம்? அதற்கு உண்மையாகப் பதில் சொன்னால் எங்கட இரண்டாம் பாகமாவது நல்லா வரும், இன்ஷா அல்லாஹ்.