பட்டப்பெயர் தெரியாத விருந்தாளி

வேற்றுக்கிரகவாசி கதை என்றாலே லேசர் துப்பாக்கி, நியூயார்க், யுத்தம் என்றுதான் பலருக்கும் நினைப்பு. எனக்குப் பிடித்த கதையில் இவை எதுவும் கிடையாது. சத்யஜித் ரே 1962-ல் 'சந்தேஷ்' சிறுவர் பத்திரிகையில் எழுதிய 'பங்குபாபுர் பந்து' அது. பங்கு பாபுவின் நண்பர் என்று பொருள்.

பங்கு பாபு வங்காளக் கிராமத்து வாத்தியார். பூகோளம் நடத்துவார், வங்காளத்தைத் தாண்டி எதையும் பார்த்ததில்லை. வக்கீல் வீட்டில் கூடும் அரட்டைக் கூட்டத்துக்கு அவர்தான் கேலிப்பொருள். வானத்திலிருந்து வருகிறவர்கள் நம் ஊரிலும் இறங்கலாமே என்று ஒருநாள் சொல்கிறார். கூட்டம் சிரித்துத் தள்ளுகிறது.

வீடு திரும்பும் வழியில் மூங்கில் தோப்பருகே விண்கலம் நிற்கிறது! புளூட்டோவுக்குப் போக வேண்டியது வழிதவறி வந்துவிட்டது. இறங்கி வந்த ஆங்குக்கு வயது 833. வாத்தியாருக்கு வட துருவத்தையும் பிரேசில் காட்டையும் காட்டுகிறார். பிறகு, 'நீங்கள் ரொம்பச் சாது, அவமானத்தை வாய்மூடிப் பொறுக்கக் கூடாது' என்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். வாத்தியார் நேரே வக்கீல் வீட்டுக்குப் போய் எல்லோருக்கும் பதில் கொடுக்கிறார்.

இதை வைத்து ரே 1967-ல் ஹாலிவுட்டுக்காக எழுதிய 'தி ஏலியன்' திரைக்கதை படமாகவில்லை. 1982-ல் 'ஈ.டி.' வந்தபோது சாயல் பற்றிப் பேச்சு எழுந்தது. அந்த வழக்கு எனக்கு முக்கியமில்லை. 2003-ல் வந்த 'கோயி மில் கயா'வில் விருந்தாளி கதாநாயகனுக்குச் சக்தி தருகிறான். ஆங்கு சக்தி எதையும் கொடுக்கவில்லை. மதித்துப் பேசினார், அவ்வளவுதான். அதனால்தான் ரேயின் கதை உசத்தி என்கிறேன்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்தால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வரை கூடவே வரும். டீக்கடை பெஞ்சில் தினமும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் சுருங்கிப்போன மனிதர்கள் எத்தனை பேர்! சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும். தெரியாத ஒருவர் வந்தால்தான் அந்த மனிதரைப் புதிதாகப் பார்க்க முடியும். அந்நியரோடு சிநேகம் ஏற்படுவதன் ரகசியம் இதுதான்.

விண்கலம் குண்டாற்று மணலிலோ சீமைக்கருவேலங்காட்டிலோ இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆங்கு சொன்ன அந்த இரண்டு வார்த்தையை நாமே சொல்லலாம். உங்கள் தெருவில் பங்கு பாபு யார் என்று உங்களுக்கே தெரியும். நாளைக்கு அவரை அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள்.