பெயரை மாற்றினால் குரைப்பு மாறுமோ?

மங்கலமல்லாத ஒன்றை மங்கலச் சொல்லால் வழங்குதல் தமிழர்க்குப் புதிதன்று. செத்தாரைத் துஞ்சினார் என்றும், சுடுகாட்டை நன்காடு என்றும் கூறுதலை இலக்கண நூலார் தகுதி வழக்கினுள் அடக்குவர். கேட்பார் உள்ளம் நோகாதிருத்தலே அதன் நோக்கம். ஆயின், அச்சமும் பகையும் பெயர் சூட்டப் புகுந்தால் என்னவாகும்? மேலைநாட்டு நாய்களின் வரலாறு இதற்கு நகைச்சுவை மிக்கதொரு சான்றாகும்.

முதல் உலகப் போரின்போது (1914-1918) ஜெர்மானியர் மீது பிரிட்டானியர் கொண்ட வெறுப்பு, நாய்களையும் விட்டுவைக்கவில்லை. 'ஜெர்மன் ஷெப்பர்டு' என்னும் நாயின் பெயரில் ஜெர்மனி இருத்தலாகாது என்று கருதிய அந்நாட்டு நாய் வளர்ப்போர் கழகம், போரின் முடிவில் பிரான்சு மீட்டுக்கொண்ட எல்லை நிலமாகிய அல்சேசின் பெயரால் அதனை 'அல்சேஷன்' எனப் பதிவு செய்தது. நம் ஊர்களிலும் அப்பெயரே பரவியது. பழைய பெயர் அங்கு மீள்வதற்கு 1977ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் அந்நாய் தன் குரைப்பில் ஓர் எழுத்தையேனும் மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை!

நாய் கிடக்கட்டும், 1917இல் பிரிட்டன் அரச குடும்பமே தன் ஜெர்மானியக் குலப்பெயரைக் களைந்து 'வின்ட்சர்' எனப் புதுப்பெயர் பூண்டது. அமெரிக்காவிலோ குட்டைக்கால் 'டாஷண்டு', 'சுதந்திர நாய்' ஆயிற்று. ஜெர்மானியரின் புளித்த முட்டைக்கோசு 'சுதந்திரக் கோசு' ஆயிற்று. 2003இல் ஈராக் போரைப் பிரான்சு எதிர்த்தபோது, அமெரிக்க நாடாளுமன்றச் சிற்றுண்டிச் சாலையில் 'பிரெஞ்சு' உருளைக்கிழங்கு வறுவல் 'விடுதலை வறுவல்' ஆகி, 2006இல் சந்தடியின்றிப் பழம்பெயருக்குத் திரும்பியது. பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் எனப் பகுத்தனர் நம் முன்னோர். இவற்றை 'அச்சப்பெயர்' என மூன்றாவதொரு வகையாக்கலாம் போலும்!

இவ்வளவில் நகைத்து அமைதல் இயலாது. நாயின் பெயரை மாற்றிய அதே காய்ச்சல், மனிதனையும் அவன் பிறந்த நாட்டின் பெயரைக் கொண்டே அளந்தது. 1918 ஏப்ரலில், இல்லினாய் மாநிலத்துக் காலின்ஸ்வில் நகரில், ஜெர்மனியில் பிறந்த சுரங்கத் தொழிலாளி ராபர்ட் பிரேகரை ஒரு கும்பல் தூக்கிலிட்டுக் கொன்றது. குற்றஞ்சாட்டப்பட்ட 11 பேரும் விடுதலையாயினர். நாயைப் புதுப்பெயர் காத்தது; அம்மனிதனைக் காக்க எப்பெயரும் வரவில்லை.

பெயர் மாற்றம் அனைத்தும் வீண் என்பது நம் கருத்தன்று. இழித்துரைக்கப்பட்டோர் தாமே விரும்பி ஏற்கும் பெயரால் அவரை அழைத்தல் நம் கடமை. 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல் போற்றத்தக்கதே. ஆயின், அவர்தம் சக்கர நாற்காலி ஏறிவரச் சாய்தளம் இல்லாத கட்டடத்தில் நின்றுகொண்டு அச்சொல்லை அழகுற உரைப்பதால் யாருக்கு என்ன பயன்?

ஆதலின், மாணவச் செல்வங்களே! புதுப்பெயர் ஒன்று செவியிற்படும்போது இரு வினாக்களை எழுப்புங்கள். அப்பெயரை வேண்டியவர் யார்? அதனால் வாழ்வு உயர்ந்தவர் யார்? இரண்டிற்கும் விடை கிட்டாதாயின், மாறியது பெயரே, பார்வையன்று.