ஒரு நாளில் ஒரு தீவு

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையை ஒட்டி அமைந்துள்ளது ஸ்கை தீவு. பரப்பளவில் அது சிங்கப்பூரைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்டது. ஆயினும், அங்கு நிலையாக வாழ்வோர் ஏறக்குறைய 10,000 பேர்தாம். மேகம் தவழும் கரிய மலைகளையும், கடலை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் பாறைச்சுவர்களையும், ஆடுகள் மேயும் பசும்புல் சரிவுகளையும் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் அங்கு வருகின்றனர். 1995ஆம் ஆண்டில் பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் பாலம் திறக்கப்பட்டபின், படகுக்காகக் காத்திருக்கும் தேவை நீங்கியது. பாலத்தைக் கடப்பதற்கு வசூலிக்கப்பட்ட கட்டணமும், தீவு மக்களின் இடைவிடாத எதிர்ப்புக்குப் பின்னர் 2004ஆம் ஆண்டின் இறுதியில் கைவிடப்பட்டது.

இன்று அத்தீவைக் காண விரும்பும் குடும்பங்கள் பல, வழிகாட்டியுடன் கூடிய ஒரு நாள் தனிச்சுற்றுலாவைத் தேர்ந்தெடுக்கின்றன. ஓட்டுநரும் வழிகாட்டியுமான ஒருவர் காலையில் விடுதி வாசலுக்கே வாகனத்துடன் வருவார். அக்குடும்பத்தை மட்டும் ஏற்றிச் சென்று, இடங்களைக் காட்டி, மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவார். இதற்குப் பல நூறு பவுண்டு செலவாகும். பெரிய பேருந்தில் ஓர் இருக்கைக்குக் கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டால் இது பன்மடங்கு. இவ்வளவு பணம் கொடுப்பது தகுமா? தகும் என்றே சொல்லலாம். ஆனால், பெரும்பாலோர் எதற்காக அதைக் கொடுக்கின்றனரோ, அதற்காக அன்று. ஒரே நாளில் பல இடங்களைப் பார்த்து முடித்துவிட வேண்டும் என்னும் எண்ணத்தோடு வழிகாட்டியை அமர்த்துவோர், தங்கள் பணத்தின் பெரும்பகுதியை எரிபொருளுக்கே கொடுக்கின்றனர்.

நேரத்தைக் கணக்கிட்டால் இது விளங்கும். இத்தகைய சுற்றுலாக்கள் பலவும் தொடங்கும் இன்வெர்னஸ் நகரிலிருந்து, தீவின் தலைமை ஊராகிய போர்ட்ரீக்கு ஏறக்குறைய 180 கிலோமீட்டர். வழியில் எங்கும் நிற்காவிட்டாலும் இரண்டரை மணி நேரம் ஆகும். பத்து மணி நேரப் பயணத்தில் பாதி, சாலையிலேயே கழிந்துவிடுகிறது. ஸ்டோர் மலையில் ‘முதியவர்’ எனப்படும் பாறைத்தூண் வரை ஏறி இறங்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வேண்டும். மதிய உணவுக்கு ஒரு மணி நேரம். பிறகு என்ன மிஞ்சும்? அந்த மிச்சத்தில் குவிராங் மலைச்சரிவு, தேவதைக் குளங்கள், டன்வேகன் கோட்டை, நீஸ்ட் முனைக் கலங்கரை விளக்கம் என இணையத்தில் கண்ட பட்டியலை நீட்டுவது நடைமுறைக்கு ஒவ்வாது. குவிராங் தீவின் வடக்கே உள்ளது. தேவதைக் குளங்கள் தென்மேற்கே உள்ளன. நீஸ்ட் முனையோ மேற்குக் கோடியில் உள்ளது. கடல் பல இடங்களில் கைவிரல்கள்போல் நிலத்துக்குள் புகுந்திருப்பதால், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நேர்வழியும் இல்லை. வாடிக்கையாளரின் மனம் கோணக்கூடாதென எல்லாவற்றிற்கும் தலையாட்டும் வழிகாட்டியைவிட, “இவற்றுள் மூன்றை விட்டுவிடலாம், ஐயா” என்று புறப்படும் முன்னரே சொல்பவரை நம்பலாம்.

ஸ்காட்லாந்திலும் வாகனங்கள் சாலையின் இடப்பக்கமே செல்கின்றன. ஆகவே, மலேசியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ செல்பவர், வாடகை மகிழுந்தைத் தாமே ஓட்டிக்கொள்ளலாம் என எண்ணுவது இயல்பு. முதன்மைச் சாலைகளில் அஃது எளிதுதான். கிளைச் சாலைகள் பலவோ, ஒரு வாகனம் மட்டுமே செல்லத்தக்க அகலம் உடையவை. எதிரே வருபவருக்கு வழிவிடுவதற்காக ஆங்காங்கே சிறு ஒதுங்கிடங்கள் அமைக்கப்பட்டுள்ளன. ஒதுங்கிடம் தம் இடப்பக்கத்தில் இருந்தால் ஓட்டுநர் அதனுள் நுழைந்து நிற்க வேண்டும். வலப்பக்கத்தில் இருந்தால், அதற்கு நேராகச் சாலையிலேயே நின்று, எதிரே வருபவர் அதனுள் புகுந்து செல்ல விட வேண்டும். பின்னால் விரைந்து வருபவருக்கும் இவ்வாறே வழிவிட வேண்டும். அந்த ஒதுங்கிடத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டுப் படமெடுக்கச் செல்வது பலருக்கும் சிறு தவறாகத் தோன்றலாம். ஆனால், அதே சாலையில்தான் பள்ளி வண்டியும் வருகிறது. நோயாளியைக் காணச் செல்லும் தாதியும் வருகிறார். 2017ஆம் ஆண்டின் கோடையில் தீவின் நெரிசல் வெளிநாட்டு ஊடகங்களிலும் செய்தியாகும் அளவுக்கு முற்றியது. இச்சாலைகளில் பழகிய ஒருவர் ஓட்டுவது பயணிகளுக்கு மட்டுமின்றி, அங்கு வாழ்வோருக்கும் நன்மையே.

சாலையைவிட முக்கியமானது, நிலத்தைப் பற்றிய அறிவு. தீவின் வடபகுதியாகிய ட்ரோட்டர்னிஷ் தீபகற்பத்தில் 20 கிலோமீட்டருக்கும் மேலாக ஒரு மலைத்தொடர் நீள்கிறது. ஏறத்தாழ 60 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர், எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பாய்ந்து இறுகியதால் உண்டானது அது. அதன் அடியில் இருந்தவையோ, டைனசோர்கள் நடமாடிய காலத்தில் சேறும் மணலும் படிந்து உருவான மென்மையான பாறைகள். மேலே இருந்த பாரத்தை அவற்றால் தாங்க முடியவில்லை. மலையின் கிழக்குப் பக்கம் துண்டுதுண்டாகச் சரிந்தது. ஏறக்குறைய 50 மீட்டர் உயரமுள்ள ஸ்டோர் முதியவரும், குவிராங்கின் கூரிய பாறைகளும் அந்தச் சரிவில் எஞ்சி நிற்பவை. சரிவு இன்னும் நின்றபாடில்லை. பிளோடிகாரி என்னும் சிற்றூருக்கருகே நிலம் இன்றும் மெல்ல நகர்ந்துகொண்டிருப்பதால், அங்குச் செல்லும் சாலையை அடிக்கடி செப்பனிட வேண்டியுள்ளது. ஒரு மலை தன் கண்முன்னே நகர்ந்துகொண்டிருக்கிறது என அறிந்த மாணவன், அங்குத் தற்படம் எடுத்துக்கொண்டு உடனே வாகனத்தில் ஏறிவிடமாட்டான். அருகிலுள்ள ஸ்டாபின் கடற்கரையில், கடல்நீர் வற்றும் நேரத்தில், டைனசோர்களின் காலடித் தடங்களைப் பாறைமீது காணலாம். எந்த நேரத்தில் போக வேண்டும், எந்தப் பாறையில் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் உள்ளூரை அறிந்தவருக்கே எளிதில் தெரியும்.

ஸ்கை தீவுக்குச் செல்வோர் பலரும் வியந்து சொல்வது, “எவ்வளவு அமைதி! மனித நடமாட்டமே இல்லையே!” என்பதாகும். வழிகாட்டி ஒருவர் கட்டாயம் வாய் திறக்க வேண்டிய இடம் இதுவே. அந்த வெறுமை இயற்கை தந்ததன்று. 1841ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அத்தீவில் வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 23,000 பேர். அதாவது, இன்று இருப்பவர்களைப்போல் இருமடங்குக்கும் மேல். பின்னர் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் பஞ்சம் வந்தது. அதோடு, ஆடு வளர்ப்பே கூடுதல் வருமானம் தரும் எனக் கணக்கிட்ட நிலவுடைமையாளர்கள், தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வந்த குடியானவர்களை வெளியேற்றினர். தீவின் தென்பகுதியிலுள்ள போரெரெய்க், சூஷ்னிஷ் ஆகிய சிற்றூர்கள் 1850களில் இவ்வாறு காலியாக்கப்பட்டன. கூரையிழந்த கல்வீடுகளின் சுவர்கள் அங்கு இன்றும் நிற்கின்றன. தீவை விட்டுச் சென்றவர்களுள் பலர் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறினர்.

எல்லாரும் வாய்மூடிப் போய்விடவில்லை. போர்ட்ரீக்குத் தெற்கேயுள்ள பிரேய்ஸ் பகுதியின் குடியானவர்கள், பென் லீ மலையில் தங்கள் கால்நடைகளை மேய்க்கும் உரிமையை இழந்திருந்தனர். அவ்வுரிமை திரும்பக் கிடைக்கும்வரை குத்தகைப் பணம் செலுத்த மறுத்தனர். வெளியேற்ற ஆணையைக் கொண்டுவந்த அலுவலரை மறித்து, அந்தத் தாள்களைத் தீயிடச் செய்தனர். 1882ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், அவர்களைக் கைது செய்ய கிளாஸ்கோவிலிருந்து ஏறக்குறைய 50 காவலர்கள் வரவழைக்கப்பட்டனர். ஊர் மக்கள் கற்களையும் தடிகளையும் கொண்டு அவர்களை எதிர்த்தனர். முன்னணியில் நின்றவர்களுள் பெண்கள் பலர். சிலர் கைதாயினர், ஆயினும், செய்தி நாடெங்கும் பரவியது. மறு ஆண்டே குடியானவர்களின் குறைகளை ஆராய நேப்பியர் ஆணையம் அமைக்கப்பட்டது. 1886ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், அவர்களை எளிதில் வெளியேற்ற முடியாதபடி நிலத்தின்மீது உறுதியான உரிமையையும் நியாயமான குத்தகையையும் வழங்கியது. இதைக் கேட்டறிந்தபின், அதே பசும்புல் சரிவு வேறுவிதமாகத் தெரியும்.

ஊர்ப் பெயர்களும் இவ்வாறே பேசத் தொடங்கும். சாலைப் பெயர்ப்பலகைகளில் கேலிக் மொழிப் பெயரும் ஆங்கிலப் பெயரும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கும். ‘ஸ்கூர்’ எனத் தொடங்கினால் கூரிய சிகரம். ‘ஆல்ட்’ என வந்தால் ஓடை. பாலத்தின் தீவுப்பக்கத்தில் உள்ள கைலாக்கின் என்னும் ஊருக்கு, ‘ஹாக்கோனின் நீரிணை’ என்று பொருள். 1263ஆம் ஆண்டில் நார்வே மன்னர் ஹாக்கோனின் கப்பல்கள் அவ்வழியே சென்றதன் நினைவு அது என்பர். ஒரு காலத்தில் பள்ளிகளில் ஒதுக்கப்பட்ட கேலிக் மொழியைக் காக்க, 1973ஆம் ஆண்டில் பழைய பண்ணைக் கட்டடங்களில் ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. அதன் பெயராகிய ‘சவுல் மோர் ஓஸ்டெய்க்’ என்பதற்கு, ஓஸ்டெய்க்கின் பெரிய களஞ்சியம் என்பதே பொருள். களஞ்சியத்தில் தொடங்கியதை மறைக்காமல் பெயரிலேயே வைத்துக்கொண்ட கல்லூரி! போர்ட்ரீயில் 2018ஆம் ஆண்டு முதல் கேலிக் வழித் தொடக்கப்பள்ளி ஒன்று தனிக் கட்டடத்தில் இயங்குகிறது. தாய்மொழிப் பள்ளிகளைப் பற்றி வீட்டில் பேசக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, கோட்டையைவிட இச்செய்தி நெருக்கமாக இருக்கக்கூடும்.

எல்லா வழிகாட்டிகளும் இவற்றைச் சொல்வதில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சுற்றுலா வழிகாட்டியாகப் பணியாற்ற அரசின் உரிமம் வேண்டும். ஸ்காட்லாந்தில் அத்தகைய கட்டாயம் இல்லை. வாகனம் உடைய எவரும் தம்மை வழிகாட்டி என அழைத்துக்கொள்ளலாம். நீண்ட பயிற்சியும் தேர்வுகளும் முடித்து, ‘நீலப் பட்டை’ என்னும் தகுதிச் சின்னம் பெற்றவர்கள் உள்ளனர். சின்னம் இல்லாவிட்டாலும் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் உள்ளனர். இவ்விருவகையிலும் சேராதவர், தேவதைக் கதைகளையும் திரைப்படக் காட்சிகள் எடுக்கப்பட்ட இடங்களையும் கொண்டே நாளை ஓட்டிவிடுவார். பணம் செலுத்தும் முன் வழிகாட்டியின் பின்னணியைக் கேட்டறிவது தவறாகாது.

தனிச்சுற்றுலாவை எதிர்ப்பவர்களின் வாதத்திலும் நியாயம் உண்டு. நாற்பது பேர் ஒரே பேருந்தில் வருவதற்குப் பதிலாக, நான்கு நான்கு பேராகப் பத்து வாகனங்களில் வந்தால் நெரிசல் கூடாதா? கூடும். எனினும், குவிராங்குக்கு ஏறும் வளைவுச் சாலை பெரிய பேருந்துகளுக்கு ஏற்றதன்று. மேலும், நாற்பது பேரும் ஒரே நேரத்தில் இறங்கி, ஒரே பாதையை மிதித்து, இருபது நிமிடத்தில் ஏறிச் சென்றால் ஊருக்குக் கிடைப்பது மிகச் சிறிதே. இதற்கு நடுவான வழி ஒன்று உண்டு. இன்வெர்னஸிலிருந்து ஒரே நாளில் ஓடிவருவதை விடுத்து, போர்ட்ரீயில் ஓரிரவாவது தங்கி, அங்குள்ள வழிகாட்டியையே அமர்த்திக்கொள்ளலாம். ஐந்து மணி நேரச் சாலைப்பயணம் மிச்சமாகும். பணமும் தீவிலேயே தங்கும். தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். வீடுகள் பல விடுமுறை வாடகைக்கு மாறிவிட்டதால், தீவின் இளையோருக்கும் அங்குப் பணிபுரிய வருவோருக்கும் குடியிருக்க வீடு கிடைப்பது அரிதாகிவிட்டது. 2022ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் குறுகியகால வாடகை வீடுகளுக்கு உரிம முறை கொண்டுவரப்பட்டது. உரிமம் பெற்ற இடமா எனப் பார்த்துக்கொள்வது பயணியின் கடமை. முன்பு ஆடுகளுக்காக வெளியேற்றப்பட்டவர்களின் மண்ணில், இப்போது விருந்தினருக்காக மக்கள் வெளியேற நேர்வது வேதனைக்குரியது.

பணம் கொடுத்தவர் கேட்பதை எல்லாம் வழிகாட்டி செய்ய வேண்டுமா என்பதும் எண்ணத்தக்கது. ஊய்க் என்னும் ஊருக்கருகேயுள்ள தேவதைப் பள்ளத்தாக்கில், பயணிகள் கற்களைப் பொறுக்கிச் சுருள் வடிவில் அடுக்கி வைக்கின்றனர். புல்லும் மண்ணும் சிதைவதால், உள்ளூர் மக்கள் அவற்றை மீண்டும் மீண்டும் கலைத்துச் சரிசெய்கின்றனர். பிள்ளை ஒரு கல்லை எடுக்கும்போது, “வேண்டாம், தம்பி” என்று தடுக்கும் வழிகாட்டிமீது பெற்றோர் சினம் கொள்வது முறையாகாது. அவருடைய கட்டணத்தில் அந்தச் சொல்லுக்கும் பங்குண்டு.

வானிலையும் பயணியின் சொற்படி நடப்பதில்லை. ஸ்டோர் மலையை மேகம் மூடிவிட்டால், அடிவாரத்தில் நின்றாலும் முதியவரைக் காண முடியாது. பேருந்துப் பயணத்தில் திட்டத்தை மாற்ற இயலாது, தனிச்சுற்றுலாவில் இயலும். அத்தகைய நாளில், போர்ட்ரீயிலிருந்து தெற்கே திரும்பும் வழியில், இடப்பக்கமாகப் பிரியும் ஒரு குறுகிய சாலையில் செல்லுமாறு வழிகாட்டியிடம் கேட்கலாம். கடலை ஒட்டிச் செல்லும் அச்சாலை பிரேய்ஸ் பகுதியோடு முடிந்துவிடுகிறது. சாலையோரத்தில், 1882ஆம் ஆண்டின் நினைவாகக் கற்களால் எழுப்பிய ஒரு சின்னம் நிற்கிறது. பென் லீயின் சரிவுகள் அங்கிருந்து மேற்கே உயர்கின்றன.